கேள்வி–பதில்: மூளை ஆராய்ச்சிக்கு வடக்கே ஓர் இடம்

கேள்வி: மூளை ஆராய்ச்சி என்றால் பெங்களூரு, அமெரிக்கா என்கிறார்கள். வடசென்னைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– கல்லூரி மாணவி, ராயபுரம்

பதில்: பதில் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. உலகமே அறிந்த மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன், பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர். மாணவராக இருந்தபோதே, 1972-ல், இரு கண் பார்வை பற்றிய அவரது கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1983-ல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக எடுத்துக்கொண்டது. 1988-ல் முழுப் பேராசிரியர் ஆகிவிட்டார். திறமையை வளர்த்தது ராயபுரம், வேலை கொடுத்தது கலிபோர்னியா. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: மெஷினில் கை போன என் தம்பி, இல்லாத விரல் வலிக்கிறது என்கிறான். மனப்பிரமையா?
– லேத் பட்டறைத் தொழிலாளி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை, வலி நிஜம். கை போனாலும் மூளையில் அந்தக் கைக்கான இடம் போய்விடுவதில்லை. அங்கிருந்து எழும் உணர்வைத்தான் தம்பி சொல்கிறார். இதற்கு ராமச்சந்திரன் 1990-களில் கையாண்ட வழி மிக எளிது: ஒரு பெட்டி, நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு இறுக்கமும் வலியும் குறைந்தன, எல்லாருக்கும் அல்ல. தம்பி வெளியே சொல்லக் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டட்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நசுங்கிய, துண்டான கைகளைச் சீராக்குவதில் நாடறிந்த பெயர் ஸ்டான்லியின் கை அறுவை சிகிச்சைத் துறைக்கு உண்டு. அதை வளர்த்தெடுத்தவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. ஒட்டிய கையை மூளை மறுபடி தன் கையாக எப்படி ஏற்கிறது? இந்தக் கேள்வியோடு வரும் இளம் ஆய்வாளருக்கு அந்த வார்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நரம்பியலில் பிஎச்.டி. முடிக்கப் போகிறேன். அடுத்து?
– ஆய்வு மாணவர், திருவொற்றியூர்

பதில்: முதலில் வயதைப் பாருங்கள். மத்திய அரசின் ‘இன்ஸ்பயர்’ ஆசிரியர் திட்டத்துக்குப் பொதுப்பிரிவில் வரம்பு 32. மாதம் 1,25,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு நிதி, 5 ஆண்டுகள். ஆனால் அது நிரந்தர வேலை அல்ல. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பல்கலைக்கழகம் உங்களை எடுத்தாகவேண்டும். வெளிநாடு போனால், திரும்பி வருகிறவர்களுக்கென்று ராமலிங்கசுவாமி திட்டம் இருக்கிறது. போகும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இளம் ஆய்வாளர்களை எடுத்தாலும் நம் கல்லூரிகளில் ஏன் நிலைப்பதில்லை?
– ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வியாசர்பாடி

பதில்: நேரம் கொடுப்பதில்லை. யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அதன்மேல் விடைத்தாள், அட்மிஷன், கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் கமிட்டிக்கான கோப்புகள். மூளைச் செல்லை வளர்ப்பவர் ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். ஆளை எடுத்துவிட்டு அறை தேடக்கூடாது. அறை, கருவி, நெறிமுறைக் குழு அனுமதி, முதல் 3 ஆண்டுகளுக்குப் பாதி வகுப்பு ஆகியவற்றைப் பணி ஆணையிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். நேர்காணலில் கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு, “அடுத்த ஐந்து வருஷம் எந்தக் கேள்வியைத் துரத்தப் போகிறாய்?” என்று ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். யார் தேறுவார் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: கிண்டி ஐஐடியில்தான் மூளை மையம் இருக்கிறதே, வடசென்னையில் இன்னொன்று எதற்கு?
– வாசகர், காசிமேடு

பதில்: அந்த மையத்தைப் பற்றி எனக்குப் பெருமைதான். சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, கருவிலுள்ள மனித மூளையை 5,132 துண்டுகளாகப் படமாக்கிய முப்பரிமாணத் தொகுப்பு. ஆனால் பிறந்த குழந்தையின் மூளை எந்தக் காற்றில் வளர்கிறது என்பது வேறு கேள்வி. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரையான 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் வந்த கட்டுரை, ரத்தத்தில் ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. ஆலைகள் சூழ்ந்த எண்ணூர், மணலிப் பிள்ளைகளை இப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்க்க, இங்கேயே வேலை பார்க்கும் ஆய்வாளர்தான் வேண்டும். வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களால் அது ஆகாது.

கேள்வி: மகள் மூளை ஆராய்ச்சிதான் படிப்பேன் என்கிறாள். விடலாமா?
– ஒரு தாய், கத்திவாக்கம்

பதில்: விடுங்கள், அம்மா. நிரந்தர வேலைக்கு அவளுக்கு முப்பது வயது தாண்டிவிடலாம். அதுவரை கல்யாணத்தைச் சொல்லி நெருக்காதீர்கள். அரசுக்கு என் வேண்டுகோள்: அவள் படித்து முடிப்பதற்குள் ஸ்டான்லியில் மூளை ஆய்வுக்கென இளம் ஆசிரியர் பணியிடங்களை உருவாக்குங்கள். மருத்துவர்களோடு மருத்துவரல்லாத பிஎச்.டி.காரர்களையும் அதில் சேருங்கள்.