தலைமுறைச் சண்டையாம்!

கோலா குபு பாரு பக்கம் கம்பெனிக்காரர்கள் ஆற்றோர விடுதி ஒன்றை எடுப்பார்கள். குளிர்சாதன மண்டபம். பதாகையில் ‘தலைமுறை நல்லிணக்கப் பயிலரங்கு’. பயிற்றுநர் மைக்கைப் பிடிப்பார். ஐம்பதைத் தாண்டியவர்கள் பிடிவாதக்காரர்களாம். இருபதுகளில் இருப்பவர்களுக்குப் பொறுமை இல்லையாம். பெரியவர் வாட்ஸ்அப் பழக வேண்டுமாம். பையன் பணிவு பழக வேண்டுமாம். கண்ணை மூடி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து விழுந்தால் நம்பிக்கை வளருமாம். பிறகு மீ கோரெங், கரிபாப், குழுப்படம்.

பத்து மலேசியத் தொழிலாளர்களாவது வைத்திருக்கும் முதலாளி சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி லெவியாகக் கட்ட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். அந்தக் காசில் தொழில் கற்றுத் தரலாம். நமக்கு விழக் கற்றுத் தருகிறார்கள்.

சண்டை எதற்கு என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. நேற்றுச் சேர்ந்த பையனுக்கு 1,700. இருபது வருடம் மெஷினோடு மாரடித்தவருக்கு நூறோ இருநூறோ கூட இருந்தால் அதிர்ஷ்டம். அவர் பையனை முறைக்கிறார். பக்கத்தில் நிற்பவன் அவன்தானே! கீழ்ப்படியைச் சட்டம் உயர்த்தியது. மேல்படியை உயர்த்தாமல் விட்டவர் மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்.

தோட்டத்தில் இந்தச் சண்டைக்கு வயது அதிகம். அங்கே வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா வேலையை விட்டு நின்றால் வீடு போகும். மகன் பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பேர் பதிந்தால் தங்கலாம்.

“கூரை வேணும்னா பிரட்டுக்கு வாடா.”

“இந்த நாள் சம்பளத்துக்காப்பா?”

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நிர்வாகம் தீர்ப்புச் சொன்னது: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை. சொன்ன கையோடு வெளிநாட்டுத் தொழிலாளியை இறக்கியது. அவனுக்குத் தலைமுறைப் பிரச்சினை கிடையாது. அவன் பிள்ளை ஊரில் இருக்கிறது.

மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். உலு சிலாங்கூரின் இந்த ஐந்து தோட்டங்களில் உழைத்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டாகக் காத்துக் கிடந்தன. மனு போட்ட அப்பாக்களுக்கு முடி நரைத்தது. மனுவைப் படித்த பிள்ளைகளுக்கும் நரைத்தது. 2024 மே 11இல் கோலா குபு பாரு இடைத்தேர்தல். அது நெருங்கியதும் வீட்டுத் திட்டத்துக்கு உயிர் வந்தது. அமைச்சர்களுக்கு வழி தெரிந்தது. ஓட்டுக் கேட்கும்போது தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையில் எந்த இடைவெளியும் இல்லை. இருவருக்கும் ஒரே கும்பிடுதான்.

பெரியவரே, உங்கள் சம்பளச் சீட்டைப் பையனிடம் காட்டுங்கள். தம்பி, நீயும் காட்டு. இரண்டையும் எடுத்துக்கொண்டு சேர்ந்தே ஆபீசுக்குள் போங்கள். ஒரு வருடச் சர்வீசுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.