மீட்டர் அண்ணன்

சிங்கப்பூரில் வீட்டுக்குள் பவளப்பாறைத் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒளி அளக்கும் பார் மீட்டரைக் காசு போட்டு வாங்கியவர் ஒருவர்தான் இருப்பார். எப்போதாவது தேவைப்படும் சாமானுக்கு எவன் சில நூறு டாலர் அழுவான்? அண்ணன் அழுதார். அன்று முதல், தெருவுக்கே ஒரு டெலிபோன் இருந்த காலத்தில் அந்த வீட்டுக்காரருக்கு இருந்த மவுசு இவருக்கு.

மீட்டரை இரவல் தரமாட்டார். தாமே எடுத்துக்கொண்டு வருவார், புளோக் புளோக்காக. வந்ததும் காப்பி வேண்டாம். முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட வேண்டும். அடுத்து அலை மோட்டாரை நிறுத்த வேண்டும். நீர் ஆடினால் எண்ணும் ஆடுமாம். பிறகு சட்டைக் கையை மடித்து, நுனியில் சென்சார் பூட்டிய குச்சியைத் தண்ணீருக்குள் இறக்குவார். சமையலறையில் தாளிப்புச் சத்தம் கேட்டால்கூட முகம் சுளிப்பார்.

"பாறை உச்சி, 310. நடுவில், 190. மணல்ல, 85. எழுதிக்கடா தம்பி."

தம்பி எழுதுவான். கைப்பேசியில் ஏதோ லக்ஸ் செயலி இருக்கிறதே என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. "லக்ஸ் மனுசக் கண்ணுக்குடா! நம்ம கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சுன்னு தெரியும். நீ போட்டிருக்கிறது நீல விளக்கு. லக்ஸ்ல கம்மியாத்தான் காட்டும். பவளத்துக்குள்ள இருக்கிற பாசிதான் அதுக்குச் சோறாக்குது. அந்தப் பாசிக்கு 400லேர்ந்து 700 நானோமீட்டர் வரைக்கும் எத்தனை ஒளித்துகள் விழுதுன்னுதான் கணக்கு."

அவ்வளவும் சரிதான். அண்ணன் சொல்வதில் தப்பே இருக்காது என்பதுதான் அவரோடு இருக்கும் தொல்லை.

தொட்டியில் வெளிச்சம் குறைவு என்றால் விளக்கின் கண்ணாடியை ஒரு விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டும். ஈரத்துணியால் துடைத்து மறுபடி அளந்தால் எண் ஏறியிருக்கும். தம்பியின் மனைவி, "இதை நான் போன மாசமே சொன்னேன்" என்பார். அது அண்ணன் காதில் விழாது. "ஒரேயடியா விளக்கைக் கூட்டிடாதே. பாசியைத் துப்பிட்டு வெளுத்துப் போயிடும். வாரத்துக்கு அஞ்சு சதவீதம், அதுக்கு மேல கூடாது" என்று எச்சரித்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார்.

அவர் வீட்டுத் தொட்டியைப் பார்க்கப் போனால், அக்ரோபோரா பவளங்கள் பாதி வெளிறி நிற்கும். பாவம், ஓரிடத்தில் நிலைத்தால்தானே? 240 கிடைக்கும் இடத்திலிருந்து 260 கிடைக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறார். பசை காய்வதற்குள் அடுத்த இடமாற்ற உத்தரவு வந்துவிடுகிறது. ஆனால் பாறைக்குப் பின்னால், இருட்டுப் பொந்தில், எப்போதோ கைதவறி விழுந்த காளான் பவளம் ஒன்று பிரிந்து பிரிந்து ஒரு குடும்பமாகவே பெருகிக் கிடக்கிறது.

"அங்கே எவ்வளவுண்ணே?" என்று கேட்டேன்.

"குச்சி நுழைய மாட்டேங்குது" என்றார் வருத்தத்துடன். "ஞாயித்துக்கிழமை வாங்க, அந்தப் பாறையைப் பேர்த்துடலாம்."