பெட்டிகளின் சமத்துவபுரம்

மனிதர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் சண்டையே வராது என்பவர்கள் ஒருமுறை கேரளத்து விழிஞ்ஞம் வரலாம். 2025 மே 2 அன்று பிரதமர் திறந்துவைத்த துறைமுகத்தில் அந்தக் கனவு பலித்திருக்கிறது. கன்டெய்னர்களில் இருபதடி, நாற்பதடி என்று பெரும்பாலும் இரண்டே சாதி. ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்தாலும் முகச்சுளிப்பு இல்லை. உள்ளே ஆள் இல்லாத வசதி!

பக்கத்து மீன்பிடித் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மாதா கோயில், மறுபக்கம் பள்ளிவாசல். இரு தரப்புக்கும் கடல் ஒன்று, மீன் ஒன்று, வட்டிக்கடைகூட ஒன்றாக இருக்கலாம். 1995 மதக்கலவரத்தில் வெட்டிக்கொண்டதும் இத்தனை ஒற்றுமையோடுதான்.

வேற்றுமை என்ன செய்தது? வெள்ளியன்று இவர்கள் கடலை விட்டுத் தொழுகைக்கு, ஞாயிறன்று அவர்கள் பூசைக்கு. ஊரின் வலை மட்டும் ஒரு நாளும் சும்மா காய்வதில்லை. எல்லாரையும் ஒரே மதமாக்கிவிட்டால் வாரத்தில் ஒரு நாள் மீனில்லாமல் ஊரே சாம்பார்தான். உலக அமைதிக்காகக்கூட அந்த அளவுக்கு இறங்கிவர இந்தக் கரையில் ஆளில்லை.