அப்புறம் பாத்துக்கலாம் வீடு

வா மாப்ளே, உக்காரு. கையில என்ன, பிளானா? விரி, பாப்போம். அடேயப்பா! முகப்புல நாலு தூணு, தூணைச் சுத்திக் கல்லு ஒட்டு, தேக்குல தலைவாசல், ஹால்ல ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள நீல லைட்டு வேற. காசு எவ்வளவு இருக்கு? பாதிதானா? அதான் “கட்டம் கட்டமா முடிச்சுக்கலாம் மாமா”ங்கிற. நல்ல யோசனை. முதல் கட்டத்துல எது? முகப்பா? நெனச்சேன். ரோட்டுல போறவன் கண்ணு குளிரணும்ல. உள்ள படுக்குறவன் எப்படிப் படுத்தா என்ன.

உனக்கும் மேஸ்திரிக்கும் ரொம்பப் பொருத்தம். அவர் “செப்டிக் டேங்க்கைச் சின்னதா போட்டுக்கலாம், பெறவு பாத்துக்கலாம்”பாரு, நீ தலையாட்டுவ. “கிரானைட்டைப் பெறவு பாத்துக்கலாம்”னு யாராச்சும் சொல்லட்டும், உனக்கு மூஞ்சி சுருங்கிடும். மண்ணுக்குள்ள போறதை யாரு எட்டிப் பாக்கப்போறா?

மாடியை அப்புறம் எடுக்கலாம்ங்கிறது சரிதான். ஆனா அஸ்திவாரம் அப்புறம் வராதுய்யா. மேல ஒரு தளம் வரும்னா இன்னைக்கு வானம் தோண்டும்போதே அந்தப் பாரத்துக்குக் கணக்குப் போட்டு, கம்பியைக் கட்டி இறக்கணும். இன்ஜினியருக்குக் குடுக்குற காசை மிச்சம் பண்ணி ஃபால்ஸ் சீலிங் போட்டா, அது விழுறப்போ மேல இருக்கிற சீலிங்கும் சேந்து விழும்.

அப்புறம் அந்த மொட்டைமாடிக் கம்பி. ஊர்ல பாதி வீட்டுத் தலையில நீட்டிக்கிட்டு நிக்குமே, சிலதுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்ல தொப்பி கூட மாட்டியிருப்பான். பின்னால தூணை ஏத்தி ஒட்டுறதுக்கு, கம்பி தடிமன்ல 50 மடங்கு நீளம் விடச் சொல்வாங்க. 16 எம்எம் கம்பின்னா 800 எம்எம், அதாவது ரெண்டரை அடிக்குச் சித்த மேல. நம்ம ஆளு ஒரு சாண் விட்டுட்டு, “பையன் பெரியாளாகி மாடி கட்டுவான்”னு மீசையை முறுக்குவான். பையன் பெரியாளாகுறதுக்குள்ள கம்பி துருப்பிடிச்சு, மழைக்கு மழை செவப்புக் கோடா சுவத்துல ஒழுகும். சிமெண்ட் பாலைப் பூசி, மட்டமான கான்கிரீட்டால மூடி வை. பின்னால உடைச்சு எடுத்துக்கலாம். பாட்டில் மழையை நிறுத்தாது மாப்ளே, தலையில குத்தாம இருக்கும், அவ்வளவுதான்.

சிலாப் போடும்போது அவசரப்படாதே. ஃபேன் கொக்கி, வயர் பைப்பு எல்லாம் கான்கிரீட்டுக்கு முன்னால போயாகணும். பிபிசி சிமெண்டுன்னா குறைஞ்சது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தணும். தண்ணிக்குச் செலவில்ல, பொறுமைக்குத்தான் செலவு. அதான் யாரும் செய்யிறதில்ல.

பூச்சுக்கு முன்னாடி குழாயும் கரண்ட் பைப்பும் சுவத்துக்குள்ள போயிடணும். மேலத்தெருவுல ஒரு புண்ணியவான் உள்ளெல்லாம் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சு முடிச்சப்புறம், “ஐயய்யோ, ஏசிக்குப் பாயிண்ட் வைக்கலையே”ன்னு கட்டர் மெஷினை எடுத்தான். தூசி பறந்து, சோத்துச் சட்டி வரைக்கும் வெள்ளை. இப்ப அவன் வீட்டுச் சுவரைப் பாத்தா, அந்தக் கோடு எங்க போகுதுன்னு விருந்தாளி கூட விரல் வச்சுக் காட்டிடுவான்.

சாரம் நிக்கும்போதே வெளிப்பூச்சை முடிச்சிடு. சாரத்தை அவுத்துட்டு மறுபடி கட்டினா, ஒரே சவுக்குக் கம்புக்கு ரெண்டு தடவை வாடகை. குளியலறையில தண்ணி இறங்காம மெழுகுறதும், மொட்டைமாடித் தளமும் இன்னைக்குத்தான்.

நாளைக்குத் தள்ளுறதுக்கு எவ்வளவோ இருக்கு. கப்போர்டு, மாடுலர் கிச்சன், லாஃப்ட் கதவு, காம்பவுண்டுக்குக் கல்லு ஒட்டுறது, அந்த நீல லைட்டு. பெயிண்டுக்குப் பதிலா ரெண்டு கோட்டு வெள்ளைச் சிமெண்ட் அடி. உள் ரூம் கதவு கூட அப்புறம்தான், திரை போட்டுக்கோ. கக்கூஸுக்கு மட்டும் கதவு வை மாப்ளே, அதுல உன் சிக்கனம் வேண்டாம்.

பேங்க்காரனும் உன்னை மாதிரிதான், கட்டம் கட்டமா எண்ணித் தருவான். வாங்குன பணத்துக்கு அன்னையிலிருந்து வட்டி ஓடும். நீயோ வாடகை வீட்டுல. தூணுக்குக் கல்லு ஒட்டுற ஒவ்வொரு மாசமும் வட்டியும் குடுத்து வாடகையும் குடுப்ப. ஒரு ரூம், அடுப்படி, கக்கூஸ், தண்ணி, கரண்டு, இது அஞ்சும் ஆனா குடியேறிடு. கட்டுமானத்துக்கு வாங்குன தற்காலிகக் கரண்டுக்கு ரேட்டு ஜாஸ்தி. வீட்டு இணைப்பா மாத்தினாத்தான் இலவச யூனிட் கிடைக்கும்.

ஜனங்க சிரிப்பாங்கன்னு பாக்குறியா? சிரிக்கிறவன் எவனும் உன் தவணையைக் கட்டமாட்டான். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தி போட்டா வந்து ரெண்டாவது தடவை பாயசம் கேப்பான், “தூணு எங்கப்பா?”ன்னு கேக்கமாட்டான்.

ஆமா, மாமன் சீரா பெரிய டிவி எதிர்பாக்குறியாமே, உன் அத்தை சொன்னா. டிவி கிடையாது. தண்ணித் தொட்டிக்கு மோட்டார் வாங்கித் தர்றேன். அதுவும் வெளிப்பூச்சு முடிஞ்சதைக் கண்ணால பாத்தப்புறம்தான்.