கவுறு எங்கடா, பேராண்டி?

பேராண்டி, நீ பெரிய ஆளுதான்டா. 240 பேரு இருக்குற குரூப்புக்கு அட்மினு. ‘நம்ம ஊரு நம்ம உறவு’ன்னு பேரு வேற. போன ஐப்பசி மழையில நம்ம மாட்டுக்கொட்டா சாஞ்சிதே, படம் புடிச்சிப் போட்டது நீதான? கை கூப்புற பொம்ம 46 வந்துதுன்னு ஓடியாந்து காட்டின. நானும் கண்ணாடியப் போட்டுகினு எண்ணினேன். 92 கை! கொம்ப நிமித்திப் புடிக்க ஒரு கை வரல. கடைசில உங்க பாட்டிதான் புடிச்சா.

நெட்டுல உறவே ஆவாதுன்னு நான் சொல்லுவேன்னு பாக்குறியா? அதான் இல்ல. 2004 டிசம்பர் 26, புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு குப்பம். அந்த ஊருப் புள்ள ஒருத்தன் சிங்கப்பூர்ல டிவியப் பாத்துட்டு, கடலு பொங்குதுன்னு வூட்டுக்குப் போனு போட்டான். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துத் தகவல் மையம் ஒண்ணு அங்க இருந்துது. பூட்ட ஒடச்சி, மைக்கப் புடிச்சி, சனத்த ஓடச் சொன்னாங்க. தப்பிச்சிது குப்பம்.

‘அவன் அந்த ஊர்க்காரன் தாத்தா, அது சேராது’ம்ப. சரி, மொகமே பாக்காதவங்க கதைக்கு வா. 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் முன்ன நின்னாரு. பழைய தமிழ் நூலுங்கள ஒருத்தர் ஒரு நாட்டுல குந்திகினு தட்டச்சு பண்ணுவாரு, வேற நாட்டுல இன்னொருத்தர் பிழை பாப்பாரு. அஞ்சு பைசா கூலி கெடையாது. ஒருத்தன் அடிச்ச தமிழு இன்னொருத்தன் பொட்டில கோணக்கா மாணக்கான்னு தெரிஞ்ச காலம்டா அது! நாள் முழுக்க நீ பார்வர்டு பண்ற ரோஜாப்பூவுக்கு அந்தத் தொல்லையே கெடையாது.

சதுரங்கப்பட்டணத்துல கரைவலை இழுக்கறதப் பாத்திருக்கியா? வலை கடல்ல, கவுத்து முனை ரெண்டும் கரையில. இந்த முனைக்காரனுக்கு அந்த முனைக்காரன் புள்ளியாத்தான் தெரிவான். பேரு கூடத் தெரிய வேணாம். அவன் கை வுட்டானா, இவன் கையில இருக்குற கவுறு சொல்லிடும். இழுத்தவனுக்குப் பங்கு உண்டு. கரையில நின்னு ‘சூப்பர், சூப்பர்’னு கத்தினவனுக்கு மண்ணுதான். மதுரைத் திட்டத்துல கவுறு இருந்துது. உன் குரூப்புல எங்கடா?

குரூப்பே இல்லாம சனம் கூடுறதப் பாக்கணுமா? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடக்கரைக்குப் போயிப் பாரு. செங்கல்பட்டு, திருவள்ளூரு, விழுப்புரம்னு செதறிக் கெடக்குற இருளர் சனம் அன்னிக்கு அங்க ஒண்ணு சேரும். பொடவையக் கட்டிக் கூடாரம் போடுவாங்க. மணல்ல படி கட்டிக் கன்னியம்மாளக் கும்புடுவாங்க. கல்யாணமே அங்கதான் நடக்கும். உங்க அட்மினு யாருன்னு கேட்டுப் பாரு, மேல பௌர்ணமி நெலாவக் காட்டுவாங்க. அது என்னிக்காவது ‘காலை வணக்கம்’ அனுப்பியிருக்குதா?

கொட்டாக்கு இன்னும் கீத்து மேயல. ஞாயித்துக்கெழம காலையில 6 மணின்னு குரூப்புல போடு. 240 பேருக்கும் கூழு கரைக்கட்டுமான்னு பாட்டி கேட்டா. 4 சொம்பு போதும்னு சொல்லியிருக்கேன்.