ஐந்தாம் ஹவரும் ஆசிரியர் அறைப் போர்களும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கல்லூரிப் பேராசிரியர்கள் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்ற வினாவுக்குக் கொள்கை வேறுபாடு, பதவி ஆசை, ஆராய்ச்சித் திருட்டு என்று பல விடைகள் புழக்கத்தில் உள்ளன. இவை யாவும் பிற்சேர்க்கைகள். மூலகாரணம் டைம்டேபிளின் கடைசி வகுப்பான ஐந்தாம் ஹவரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னோர் இதைத் தவறவிட்டனர். கார்ன்ஃபோர்ட் 1908இல் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு இளம் கல்வியாளர்களுக்கு அரசியல் கையேடே எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாலஸ் செய்ர் பெயரில் ஒரு விதியும் வழங்குகிறது: கிடைக்கப்போவது அற்பம் என்பதால்தான் பல்கலைக்கழகச் சண்டைகள் அத்தனை கசப்பானவை. அற்பமாம்! மதியம் சாம்பார் சாதம் முடித்துவிட்டு இரண்டாமாண்டு மாணவர்களுக்கு அலைடு பேப்பர் நடத்தியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் கிழமைக்கு மதிப்பில்லை, டே ஆர்டர்தான். நாளுக்கு ஐந்து ஹவர், ஆறு டே ஆர்டர், ஆக வகுப்புக்கு 30 கட்டம். திங்கள் விடுமுறையானால் அன்றைய டே ஆர்டர் செவ்வாய்க்கு நகரும். எந்தப் பாடமும் நட்டப்படாது. வெள்ளி மாலை ஊருக்குப் பஸ் பிடிக்க யாரும் நிரந்தரமாக வழி செய்துகொள்ளவும் முடியாது. இதனால் அமைதி பிறந்திருக்க வேண்டும். ஆனால் கல்லூரி காலண்டர் வெளியான அன்றே, எந்த டே ஆர்டர் எந்த வெள்ளியில் விழும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். போடுவது பெரும்பாலும் கணிதத் துறை அல்ல என்பது கவனிக்கத்தக்கது.

யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. மேலே குறைந்த இரண்டு மணி நேரம் கீழே உள்ளவர் தலையில் விழுகிறது. விழும்போது அது ஏன் எப்போதும் ஐந்தாம் ஹவராகவே விழுகிறது என்பதை இயற்பியல் துறை இன்னும் விளக்கவில்லை.

யார் மேலே, யார் கீழே? ஒரே நாளில் பணியில் சேர்ந்த இருவரில் முற்பகலில் சேர்ந்தவர் சீனியர் என்று சொல்லிக்கொள்வார். பஸ் தாமதமாகி பிற்பகலில் வந்தவர் ஓய்வு பெறும்வரை வருகைப் பதிவேட்டில் ஒரு வரி கீழேயே கையெழுத்திடுகிறார். அந்த ஒரு வரி அரை அங்குலம்கூட இராது. அதில் இருபத்தைந்து ஆண்டுப் பகை தாராளமாக அடங்கும்.

போரின் மொழி மிகுந்த மரியாதை உடையது. "நீங்க பாத்து எது போட்டாலும் சரி சார்" என்று ஒருவர் துறைத்தலைவரிடம் சொன்னால், முதல்வருக்கு மனு தயார் என்று பொருள். தமிழ்த் துறையில் "ஐயா" என்பது வணக்கம். "ஐயா அவர்கள்" என்று நீண்டுவிட்டால் பேச்சுவார்த்தை முறிந்தது என்று கொள்க.

சமாதானத்துக்கு உள்ள ஒரே கருவி சி.எல். விண்ணப்பம். விடுப்பு எடுப்பவர், தம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒருவரிடம் ஆல்டரேஷன் கையெழுத்து வாங்கியாக வேண்டும். மூன்று ஆண்டாகப் பேசாதவர்கள்கூட வீட்டில் கல்யாணம் வந்தால் பேசுகிறார்கள். திரும்பி வந்ததும் பழைய நிலை.

ஆய்வின் வரம்பு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் சீனியாரிட்டிப் பட்டியலிலேயே இல்லாததால் இங்கு கணக்கில் கொள்ளப்படவில்லை. சண்டை முடியும்வரை அந்த ஐந்தாம் ஹவர்களை அவர்கள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.