பரிந்துரைத்த நூல் படிக்கப்படாமை: ஓர் இல்லற ஆய்வு

பிள்ளை புத்தகம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. பெற்றோர் எடுத்து நீட்டிய புத்தகத்தை ஆசையாய்ப் படித்த பிள்ளையும் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: கூடம், கட்டிலடி, சாப்பாட்டுத் தட்டின் ஓரம். ஆய்வுக்கு உட்பட்டோர்: மகன் ஒருவன், மகள் ஒருத்தி. முன் அனுமதி பெறப்படவில்லை. மாதிரி மிகச் சிறிது என்று புலவர்கள் ஆட்சேபிக்கலாம். இதைவிடப் பெரிய மாதிரியைக் கட்டி மேய்க்க இவ்வாய்வாளரால் ஆகாது.

முதலில் முன்னோர் கருத்து. நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை உட்கார்ந்து அசைபோடும் பசுவும் தலை. ஒரு செடியில் நிலைக்காமல் கண்ட செடியிலெல்லாம் வாய் வைத்துப் போகும் ஆடு கடை. இலக்கண வகுப்புக்கு இது சரி. கதைப் புத்தகத்தில் முனிவரோடு யாம் மாறுபடுகிறோம். மகள் ஒரு புத்தகத்தில் படம் மட்டும் பார்க்கிறாள். இன்னொன்றில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறாள். மூன்றாவதைப் பாதியில் போட்டுவிட்டு விளையாடப் போகிறாள். ஆனால் ராத்திரி தோசைக்கு நடுவே மூன்றிலிருந்தும் கேள்வி வருகிறது. அன்னமாகவே வளர்க்கப்படும் மகனோ, எது பால், எது நீர் என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்கிறான். அதன்பின் புத்தகத்தைத் திறந்ததற்குச் சான்று இல்லை. ஆகவே ஆடே தலை என்பது எம் துணிபு.

இனி ஆசிரியர்கள். அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டை நோக்குக. எட்டு லட்டு, அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி, தட்டு காலி. உடன்பிறந்தோர் ஒற்றுமை பற்றி ஒரு வரி செருக இடமிருந்தும் அவர் செருகவில்லை. இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் ஆதலால் கணக்கு மட்டும் நேராகிறது. பெரியவர்கள் அதில் வகுத்தலைக் காண்கிறார்கள், குழந்தைகள் லட்டைக் காண்கிறார்கள். கடைசிப் பத்தியில் நீதி வைத்திருக்கும் கதைகளை என் மகன் அதற்கு முந்தைய பத்தியிலேயே மூடிவிடுகிறான். மோப்பம் அப்படி.

பரிந்துரையின் தீங்குக்கு வலுவான சான்று காமிக்ஸ் துறையில் கிடைக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வெளிவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மனிதரைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் அநேகர். படி என்று எந்தத் தகப்பனாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. அன்று ஒளித்தவர்களே இன்று மறுபதிப்பைக் காசு கொடுத்து வாங்கிவந்து, "படிச்சுப் பாருடா, பிரமாதமா இருக்கும்" என்று நீட்டுகிறார்கள். உடனே மாயாவி முழுவதுமாக மறைந்துவிடுகிறார், கை உட்பட.

புத்தகம் இருப்பது எடுத்துப் புழங்கத்தான் என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலக இயலின் முதல் விதியாக வைத்துவிட்டார். நம் வீடுகளிலோ அது கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்கும் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் நடுவே பூட்டிக் கிடக்கிறது. பெற்றோருக்கு விண்ணப்பம் இரண்டு. படித்து முடித்த பிள்ளையிடம் "இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். அலமாரிச் சாவியைத் தொலைத்துவிடுங்கள். தொலைக்கும் முன் கதவைத் திறந்து வைத்தாயிற்றா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.